மூட்டு நோயும் ஆன்டிஆக்சிடன்ட் வைட்டமின்களும்: எந்த நோய்க்கு எது, எவ்வளவு?

மூட்டு வலியோடு நடமாடும் ஒருவரிடம் "வைட்டமின் மாத்திரை சாப்பிட்டுப் பாருங்களேன்" என்று சொல்லாத உறவினரோ நண்பரோ இருப்பது அரிது. சொல்பவரின் அக்கறையில் குறையில்லை. ஆனால் எந்த மூட்டு நோய்க்கு, எந்த வைட்டமின், எந்த அளவில், எத்தனை நாளுக்கு என்ற நான்கு விவரங்களும் இல்லாத அறிவுரையை வைத்து ஒருவர் முடிவெடுக்க இயலாது. ஆன்டிஆக்சிடன்ட் எனப்படும் ஆக்சிஜனேற்றத் தடுப்பு வைட்டமின்களில் முதன்மையானவை வைட்டமின் சி, வைட்டமின் ஈ, வைட்டமின் ஏ-யின் முன்வடிவமான பீட்டா கரோட்டின் ஆகிய மூன்றும்தான். மூட்டு நோய்களில் இவற்றின் பங்கைப் பற்றி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் நடந்துவருகின்றன. அந்த ஆய்வுகளை நோய்வாரியாகப் பிரித்துப் படிக்கும்போது ஒரு வேறுபாடு மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகிறது. உடலில் குறைந்திருக்கும் வைட்டமினை நிறைவுசெய்வது ஒன்று. ஏற்கெனவே நிறைந்திருக்கும் உடலுக்குள் மேலும் மேலும் செலுத்துவது வேறொன்று. கீழே வரும் ஒப்பீடு முழுவதும் அந்த வேறுபாட்டையே அளவுகோலாகக் கொள்கிறது.

முதலில் நோய்களைப் பிரித்துக்கொள்வோம். மூட்டுத் தேய்மானம் என்பது குருத்தெலும்பு மெலிந்து, அதன் அடியிலுள்ள எலும்பு மாறி, விளிம்புகளில் எலும்பு முட்கள் முளைத்து, பல ஆண்டுகளில் மெதுவாக முற்றும் நோய். முடக்குவாதம் என்பது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பே மூட்டின் உட்சவ்வைத் தாக்குவதால் வரும் அழற்சி நோய். கவுட் என்று சொல்லப்படும் யூரிக் அமில மூட்டு நோயில், ரத்தத்தில் மிகுந்த யூரிக் அமிலம் ஊசி போன்ற படிகங்களாக மூட்டுக்குள் படிந்து, திடீரெனக் கடும் வலியைக் கிளப்புகிறது. வலிக்கும் இடம் ஒன்றாகவே இருந்தாலும் காரணம் மூன்றிலும் வேறு. அதனால் ஒரே மாத்திரை மூன்றுக்கும் ஒரே விதமாக உதவும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

இந்த வைட்டமின்கள் உதவலாம் என்ற எண்ணம் வெறும் ஊகமாகப் பிறந்ததன்று. அழற்சி உள்ள மூட்டில் சூப்பர்ஆக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு போன்ற வினைமிகு மூலக்கூறுகள் அதிகமாக உருவாகின்றன. மூட்டுநீருக்கு வழவழப்பைத் தரும் ஹையலுரானிக் அமிலத்தின் நீண்ட சங்கிலிகளை இவை துண்டாக்குகின்றன. குருத்தெலும்பைச் செரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகின்றன. வைட்டமின் சி நீரில் கரையும் பகுதிகளில் இவற்றை அணைக்கிறது. வைட்டமின் ஈ உயிரணுச் சவ்வின் கொழுப்புப் பகுதியில் அதே வேலையைச் செய்து, தான் செயலிழந்தபின் வைட்டமின் சி-யால் மீண்டும் உயிர்ப்பிக்கப்படுகிறது. வைட்டமின் சி-க்கு இன்னொரு முக்கியமான வேலையும் உண்டு. குருத்தெலும்பின் சட்டகமான கொலாஜன் இழைகள் உறுதியாக முறுக்கிக்கொள்ள, அவற்றிலுள்ள புரோலின், லைசின் அமினோ அமிலங்களில் ஒரு வேதி மாற்றம் நிகழ வேண்டும். அதைச் செய்யும் நொதிகள் வைட்டமின் சி இல்லாமல் இயங்குவதில்லை. வைட்டமின் சி பற்றாக்குறையால் வரும் ஸ்கர்வி நோயில் ஈறுகளோடு மூட்டுகளுக்குள்ளும் ரத்தம் கசிவதற்குக் காரணம் இதுவே.

இவ்வளவு பொருத்தமான கொள்கை இருந்தும் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. அந்த வினைமிகு மூலக்கூறுகள் குப்பைகள் மட்டுமல்ல. குறைந்த அளவில் அவை உயிரணுக்களுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் தூதுகளாகவும் இருக்கின்றன. ஆகவே "எவ்வளவு அணைத்தாலும் நல்லது" என்ற முடிவு கொள்கையளவிலேயே தவறானது. சோதனைக் குழாயில் நடப்பது மனித மூட்டில் நடக்கிறதா என்பதைத் தனியே சோதித்துத்தான் அறிய வேண்டும்.

ஒருவர் முன்னே இருக்கும் தேர்வுகள் நான்கு. மாத்திரை எதுவும் இல்லாமல் உணவின் வழியே போதிய அளவு பெறுவது. வைட்டமின் சி மாத்திரை. வைட்டமின் ஈ மாத்திரை. பீட்டா கரோட்டினோ வைட்டமின் ஏ-யோ தனியாகவும், எல்லாம் கலந்த கூட்டு மாத்திரையாகவும் எடுப்பது. நான்கையும் ஒரே நீளத்தில் அலச வேண்டியதில்லை. வைட்டமின் சி பற்றிய சான்றுகள் ஒன்றோடொன்று முரண்படுவதால் அங்கே நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. வைட்டமின் ஈ பற்றிய விடை கிட்டத்தட்டத் தெளிவாகிவிட்டது. கடைசித் தேர்வைக் கைவிடச் சில வரிகளே போதும்.

மூட்டுத் தேய்மானத்தில் வைட்டமின் சி மீது நம்பிக்கை பிறந்ததற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஃபிரேமிங்ஹாம் நகரில் நடந்த ஆய்வே பெரும் காரணம். இதய நோயை ஆராய 1948-இல் தொடங்கப்பட்ட அந்த நெடுங்கால ஆய்வில் பங்கேற்றவர்களில் 640 பேரின் முழங்கால் எக்ஸ்ரே படங்களையும் உணவுப் பழக்கத்தையும் ஒப்பிட்ட முடிவுகள் 1996-இல் வெளியாயின. உணவில் வைட்டமின் சி-யின் அளவைக் கொண்டு மூன்று பிரிவாகப் பிரித்தபோது, மிகக் குறைவாகப் பெற்ற பிரிவினரைவிட நடுப்பிரிவினருக்கும் மேற்பிரிவினருக்கும் நோய் முற்றும் அபாயம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருந்தது; குருத்தெலும்பு இழப்பும் முழங்கால் வலி உருவாவதும் குறைந்திருந்தன. இந்த முடிவை மேற்கோள் காட்டுபவர்கள் பலர் இரண்டு விவரங்களை விட்டுவிடுகிறார்கள். முதலாவது, புதிதாகத் தேய்மானம் வருவதை வைட்டமின் சி தடுக்கவில்லை. ஏற்கெனவே இருந்த நோய் முற்றுவதில் மட்டுமே வேறுபாடு தென்பட்டது. இரண்டாவது, நடுப்பிரிவுக்கும் மேற்பிரிவுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அதாவது, கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. மிகக் குறைவாகச் சாப்பிட்டவர்களே பின்தங்கினார்கள். என் கணிப்பில் அந்த ஆய்வின் மிக முக்கியமான செய்தி இந்த இரண்டாவது விவரம்தான்.

இதற்கு எதிர்த்திசையிலும் சான்றுகள் உள்ளன. மனிதரைப் போலவே தன் உடலில் வைட்டமின் சி-யைத் தயாரிக்க முடியாத சில விலங்குகளில் கினிப் பன்றியும் ஒன்று. அதன் முழங்காலில் வயதோடு தேய்மானம் தானாகவே வருவதால் இந்த ஆராய்ச்சிக்கு ஏற்ற விலங்காகக் கருதப்படுகிறது. 1980-களின் தொடக்கத்தில், அறுவை சிகிச்சையால் மூட்டைச் சேதப்படுத்திய கினிப் பன்றிகளில் வைட்டமின் சி பாதுகாப்பளித்ததாக முடிவுகள் வந்தன. ஆனால் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தானாகத் தேய்மானம் வரும் கினிப் பன்றிகளுக்கு எட்டு மாதங்கள் மூன்று வெவ்வேறு அளவுகளில் வைட்டமின் சி கொடுத்து 2004-இல் வெளியிட்ட முடிவு நேர்மாறாக இருந்தது. அளவு கூடக்கூடத் தேய்மானமும் எலும்பு முட்களும் அதிகரித்தன. வளர்ச்சிக் காரணியான டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதம் மிகையாகத் தூண்டப்பட்டிருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். விலங்கில் கண்டதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது என்பது உண்மை. ஆயினும் 2014-இல் அமெரிக்காவின் மற்றொரு பெரிய முழங்கால் ஆய்வு, ரத்தத்தில் வைட்டமின் சி அதிகமாக இருந்தவர்களுக்குப் புதிய தேய்மானம் குறையவில்லை, அதிகமாகவே காணப்பட்டது என்று சொன்னபோது, அந்த எச்சரிக்கை வலுப்பெற்றது.

மனிதர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு வைட்டமின் சி-யும் மறு பிரிவுக்கு மருந்தில்லாப் போலி மாத்திரையும் கொடுத்துச் செய்யும் சோதனைதான் இத்தகைய முரண்பாட்டைத் தீர்க்க வல்லது. தேய்மானத்தில் அப்படி நடந்த சோதனைகள் மிகச் சில. டென்மார்க்கில் இடுப்பு அல்லது முழங்கால் தேய்மானம் உள்ள 133 பேருக்கு இரண்டு வாரங்கள் தினமும் ஒரு கிராம் கால்சியம் அஸ்கார்பேட் கொடுத்துப் பார்த்தார்கள். 2003-இல் வெளியான முடிவின்படி வலி சற்றுக் குறைந்தது, ஆனால் வழக்கமான வலிநிவாரணிகள் தரும் பலனில் பாதியைக்கூட எட்டவில்லை. இரண்டு வாரச் சோதனையிலிருந்து குருத்தெலும்பைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஆண்டுக்கணக்கில் நீடித்து, எக்ஸ்ரேயிலோ எம்ஆர்ஐ-யிலோ மூட்டை அளந்து காட்டிய சோதனையின் பலம், வைட்டமின் சி மாத்திரையைப் பரிந்துரைப்பவரிடம் இல்லை என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

உணவா மாத்திரையா என்ற கேள்விக்கு உடலின் இயல்பே பெரும்பகுதி விடையைத் தந்துவிடுகிறது. அமெரிக்க வழிகாட்டுதலின்படி வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 90 மில்லிகிராமும் பெண்ணுக்கு 75 மில்லிகிராமும் வைட்டமின் சி தேவை. புகைபிடிப்பவருக்கு இதற்கு மேல் 35 மில்லிகிராம் கூடுதலாக வேண்டும். நாளுக்கு 30 முதல் 180 மில்லிகிராம் வரை உட்கொள்ளும்போது அதில் 70 முதல் 90 விழுக்காடு உடலில் சேர்கிறது. ஒரு கிராமைத் தாண்டும்போது பாதிக்கும் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சப்பட்டதிலும் மிஞ்சியது சிறுநீரில் வெளியேறுகிறது. நாளுக்கு சுமார் 400 மில்லிகிராம் அளவிலேயே ரத்தத்தின் கொள்ளளவு ஏறக்குறைய நிரம்பிவிடுகிறது. நடுத்தர அளவு ஆரஞ்சுப் பழம் ஒன்றில் சுமார் 70 மில்லிகிராம் இருக்கிறது என்பதைச் சேர்த்துப் பார்த்தால், நாளுக்கு இரண்டு மூன்று முறை பழமும், அதிகம் வேகாத காய்கறியும் உண்பவர் 1,000 மில்லிகிராம் மாத்திரையால் பெறக்கூடிய கூடுதல் மிகச் சிறியது. நீரில் கரைவதும் சூட்டில் சிதைவதும் வைட்டமின் சி-யின் இயல்பு என்பதால், காய்களை நிறைய நீரில் நெடுநேரம் வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிடுபவர் தட்டில் இருப்பதாக நினைக்கும் அளவைப் பெறுவதில்லை. உணவு வழியைத் தேர்ந்தெடுப்பவர் மாற்ற வேண்டியது பெரும்பாலும் இந்தச் சமையல் முறையைத்தான்.

வைட்டமின் ஈ-க்கு வருவோம். இங்கே சான்றுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன, அந்தத் திசை மாத்திரைக்குச் சாதகமானதன்று. முழங்கால் தேய்மானம் உள்ளவர்களுக்கு நாளுக்கு 500 சர்வதேச அலகு வைட்டமின் ஈ-யை ஆறு மாதங்கள் கொடுத்த ஆஸ்திரேலியச் சோதனை 2001-இல் வெளியானது. வலியிலும் விறைப்பிலும் செயல்திறனிலும் போலி மாத்திரையைவிட எந்த மேன்மையும் கிடைக்கவில்லை. அதே 500 அலகை இரண்டு ஆண்டுகள் கொடுத்து, எம்ஆர்ஐ மூலம் குருத்தெலும்பின் கன அளவை அளந்த மற்றொரு ஆஸ்திரேலியச் சோதனை 2002-இல் வந்தது. குருத்தெலும்பு இழப்பு இரு பிரிவிலும் ஒன்றுபோலவே தொடர்ந்தது. 500 அலகு என்பது நாளின் தேவையான 15 மில்லிகிராமைப் போல் குறைந்தது 15 மடங்கு. அவ்வளவு கொடுத்தும், அவ்வளவு நாள் காத்திருந்தும், நேரடியாக மூட்டையே அளந்தும் பலன் இல்லை என்றால், தேய்மானத்துக்கு வைட்டமின் ஈ மாத்திரை என்ற தேர்வை மூடிவிடலாம் என்பதே என் உறுதியான கருத்து.

முடக்குவாதத்தில் ஒரு சிறு விதிவிலக்கு உண்டு. 42 நோயாளிகளிடம் 12 வாரங்கள் நடந்து 1997-இல் வெளியான சோதனையில், நாளுக்கு இரு முறை 600 மில்லிகிராம் வைட்டமின் ஈ எடுத்தவர்களுக்கு வலி ஓரளவு குறைந்தது. ஆனால் வீக்கம், காலை நேர விறைப்பு, ரத்தத்திலுள்ள அழற்சிக் குறியீடுகள் எதுவும் மாறவில்லை. வலி குறைந்தும் அழற்சி குறையாமல் இருப்பது முடக்குவாதத்தில் நல்ல செய்தியன்று. இந்த நோயில் எலும்பை அரிப்பது அழற்சிதான். வலி மட்டும் மங்கினால், நோய் அடங்கிவிட்டதாக நம்பி மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்துகளை ஒருவர் குறைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது. முடக்குவாதம் வராமல் தடுக்க வைட்டமின் ஈ உதவுமா என்பதையும் பெரிய அளவில் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் 39,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் ஒன்று விட்டு ஒரு நாள் 600 அலகு கொடுத்துச் சுமார் பத்தாண்டுகள் நடந்த சோதனையில், நோய் வந்தவர்களின் எண்ணிக்கையில் நம்பத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை.

பலன் இல்லாவிட்டாலும் தீங்கு இல்லை என்ற சமாதானமும் வைட்டமின் ஈ-க்குப் பொருந்தாது. ரத்தம் உறைவதை அது ஓரளவு தடுப்பதால், வார்ஃபரின் போன்ற ரத்தத்தை இளக்கும் மருந்துகளோடு சேரும்போது கசிவு அபாயம் கூடுகிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர் இதைத் தம் மருத்துவரிடம் மறைக்கவே கூடாது. 35,000-க்கும் மேற்பட்ட ஆண்கள் பங்கேற்ற செலக்ட் என்ற சோதனையில், நாளுக்கு 400 அலகு எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2011-இல் அறிவிக்கப்பட்டது. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் முதுமையில் வருவது. புராஸ்டேட் புற்றுநோயும் முதுமையில் வருவதுதான்.

பீட்டா கரோட்டின், வைட்டமின் ஏ மாத்திரைகளைப் பற்றி நீட்டிப் பேசத் தேவையில்லை. மூட்டுக்கு அவை உதவியதற்கு உறுதியான சோதனைச் சான்று இல்லை. தீங்குக்குச் சான்று இருக்கிறது. ஃபின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்து 1994-இல் வெளியான சோதனையில், நாளுக்கு 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக வந்தது. அமெரிக்காவில் நடந்த இதே போன்ற இன்னொரு சோதனை இதே காரணத்தால் 1996-இல் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. வைட்டமின் ஏ-யை மிகையாக எடுத்தால் கல்லீரல் கெடும், எலும்பு பலவீனமாகும், கருவுக்கு ஊனம் நேரும். வைட்டமின் ஏ, சி, ஈ ஆகியவற்றோடு செலினியம் என்ற தாதுவும் கலந்த கூட்டு மாத்திரையைத் தேய்மானத்துக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்த 1990-ஆம் ஆண்டு பிரிட்டன் சோதனையும் தோல்வியிலேயே முடிந்தது. 2007-இல், ஆன்டிஆக்சிடன்ட் வைட்டமின்களையும் செலினியத்தையும் மூட்டு நோய்களுக்குக் கொடுத்த 20 சோதனைகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தவர்கள், எந்த வகை மூட்டு நோயிலும் இவை பயன்தருகின்றன என்பதற்கு ஏற்கத்தக்க சான்று இல்லை என்றே முடித்தார்கள்.

அப்படியானால் உணவாய்வுகளில் தெரிந்த பாதுகாப்பு எங்கே மறைந்தது? இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 25,000-க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில், உணவில் மிகக் குறைவாக வைட்டமின் சி பெற்றவர்களுக்குப் பல மூட்டுகளில் அழற்சி வரும் அபாயம், மிக அதிகம் பெற்றவர்களைப் போல் மூன்று மடங்குக்கும் மேல் இருந்ததாக 2004-இல் முடிவு வந்தது. இத்தகைய ஆய்வுகளில் வைட்டமின் சி என்பது ஓர் அடையாளமாகவும் இருக்கலாம். அதை மிகுதியாகப் பெறுபவர் பழமும் காய்கறியும் நிறைய உண்பவர். அவருக்கு நார்ச்சத்தும் நூற்றுக்கணக்கான வேறு தாவரப் பொருள்களும் சேர்ந்தே கிடைக்கின்றன. அவர் புகைபிடிப்பதும் குறைவாக இருக்கலாம். புகைபிடிப்பதே முடக்குவாதத்தைத் தூண்டும் காரணங்களில் முக்கியமானது, அதுவே உடலின் வைட்டமின் சி இருப்பையும் கரைப்பது. ஆய்வாளர்கள் கணக்கில் இவற்றை ஈடுசெய்ய முயல்கிறார்கள் என்றாலும் முழுமையாகப் பிரித்தெடுக்க முடிவதில்லை. ஆகவே இந்த ஆய்வுகள் ஆதரிப்பது ஓர் உணவு முறையை. அதிலிருந்து ஒரு மூலக்கூறை மட்டும் பிரித்து மாத்திரையாக்கினால் அதே பாதுகாப்பு கிடைக்கும் என்று அவை சொல்லவில்லை.

யூரிக் அமில மூட்டு நோயில் மட்டும் வைட்டமின் சி மாத்திரைக்குத் தனியான ஒரு நியாயம் உண்டு. அது ஆன்டிஆக்சிடன்ட் இயல்பினால் வருவதன்று. சிறுநீரகம் யூரிக் அமிலத்தை மீண்டும் ரத்தத்துக்குள் இழுத்துக்கொள்ளும் வழியில் வைட்டமின் சி போட்டியிடுவதால், யூரிக் அமிலம் சற்று அதிகமாகச் சிறுநீரில் வெளியேறுகிறது. 13 சோதனைகளைத் தொகுத்து 2011-இல் வெளியான பகுப்பாய்வின்படி, வைட்டமின் சி எடுத்தவர்களுக்கு ரத்த யூரிக் அமிலம் சராசரியாக டெசிலிட்டருக்கு 0.35 மில்லிகிராம் குறைந்தது. அமெரிக்காவில் ஏறக்குறைய 47,000 ஆண் மருத்துவத் துறையினரை இருபது ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், நாளுக்கு 1,500 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்றவர்களுக்கு கவுட் வரும் அபாயம் 45 விழுக்காடு குறைவாக இருந்தது. அதைக் குலுக்கல் முறையில் சோதித்தபோது பலன் சுருங்கியது: 14,000-க்கும் மேற்பட்ட ஆண் மருத்துவர்களுக்கு நாளுக்கு 500 மில்லிகிராம் கொடுத்த சோதனையில் புதிய கவுட் 12 விழுக்காடு மட்டுமே குறைந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. சிறிய பலன்தான், ஆயினும் இந்தக் கட்டுரையில் பேசப்பட்ட மாத்திரைகளில் பெரிய சோதனை ஒன்றில் மூட்டு நோயைக் குறைத்துக் காட்டியது இது ஒன்றே என்பதால் அதற்குரிய மதிப்பைத் தர வேண்டும்.

ஆனால் வராமல் தடுப்பது வேறு, வந்த நோயை நடத்துவது வேறு. நியூசிலாந்தில் கவுட் உள்ள 40 பேரிடம் எட்டு வாரங்கள் நடந்த சோதனையின் முடிவு 2013-இல் வெளியானது. நாளுக்கு 500 மில்லிகிராம் வைட்டமின் சி எடுத்தவர்களின் யூரிக் அமிலம் மிகச் சிறிதே இறங்கியது. யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தான அலோபியூரினாலைத் தொடங்கியவர்களுக்கோ அதன் அளவைக் கூட்டியவர்களுக்கோ அதைப் போல் பல மடங்கு இறங்கியது. சிகிச்சையின் இலக்கு டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே கொண்டுவருவது. 9-இல் இருக்கும் ஒருவருக்கு 0.35 குறைவது இலக்கின் அருகில்கூடக் கொண்டுசெல்லாது. மூட்டு நோய் மருத்துவர்களின் அமைப்பான அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், கவுட் நோயாளிகளுக்கு வைட்டமின் சி மாத்திரையைச் சேர்க்க வேண்டாம் என்று நிபந்தனையுடன் பரிந்துரைத்ததற்கு இதுவே பின்னணி.

வைட்டமின் சி-யின் பாதுகாப்பு பற்றியும் சொல்லியாக வேண்டும். நாளுக்கு 2,000 மில்லிகிராம் என்பது வயது வந்தவருக்கான மேல்வரம்பு. அதைத் தாண்டினால் வயிற்றுப்போக்கு வரும். அந்த வரம்புக்குள்ளேயே மாத்திரையாக எடுத்த ஸ்வீடன் ஆண்களிடம் சிறுநீரகக் கல் ஏறக்குறைய இரு மடங்காகக் காணப்பட்டதாக 2013-இல் ஓர் ஆய்வு காட்டியது. கவுட் உள்ளவர்களுக்குச் சிறுநீரகக் கல் ஏற்கெனவே அதிகம் வரும் என்பதால் இது அவர்களுக்குக் கூடுதலாகப் பொருந்தும். இன்னொரு நிலைமை அரிதாகவே பேசப்படுகிறது. உடலில் இரும்புச்சத்து மிகையாகத் தேங்கும் ஹீமோகுரோமட்டோசிஸ் என்ற பரம்பரை நோய், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகியவற்றின் அடிக்கணுக்களில் வலியாகவே பலரிடம் முதலில் வெளிப்படுகிறது. தேய்மானம் என்றோ முடக்குவாதம் என்றோ தவறாகக் கருதப்படுவதும் உண்டு. வைட்டமின் சி இரும்பை உடல் உறிஞ்சுவதை அதிகரிக்கிறது. அந்த நோயுள்ளவர் மூட்டுக்காக எடுக்கும் மாத்திரை அதே மூட்டைக் கெடுக்கும் நோய்க்குத் தீனியாகும். அந்தக் கணுக்களில் காரணம் தெரியாத வலி உள்ளவர், மாத்திரையைத் தொடங்கும் முன் ரத்தத்தில், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.

இவற்றையெல்லாம் எடைபோட்டு ஒரு முடிவுக்கு வரும்போது, நோய்க்கேற்ப விடை மாறுகிறது. தேய்மானம் உள்ளவருக்கு என் தேர்வு உணவு வழி வைட்டமின் சி. மாத்திரை எதுவும் வேண்டாம். அவர் மாத்திரைக்காகச் செலவிடும் கவனத்தை எடைக்குத் திருப்பினால் பலன் பன்மடங்கு. ஒரு கிலோ எடை குறைந்தால் நடையின் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அமெரிக்க ஆய்வொன்று 2005-இல் அளந்து காட்டியது; முன்பு சொன்ன ஃபிரேமிங்ஹாம் நகரிலேயே, ஏறக்குறைய ஐந்து கிலோ எடை குறைத்த பெண்களுக்கு வலியுள்ள முழங்கால் தேய்மானம் வரும் அபாயம் பாதிக்கும் கீழே இறங்கியது. எந்த வைட்டமின் சோதனையும் இந்த அளவுக்கு அருகில் வந்ததில்லை. பழமும் காய்கறியும் கூடிய உணவு எடையையும் வைட்டமின் சி-யையும் ஒருசேரக் கவனித்துக்கொள்வதால், இங்கே இரண்டு தேர்வுகள் ஒன்றாகிவிடுகின்றன.

முடக்குவாதம் உள்ளவர் முதலில் செய்ய வேண்டியது மருத்துவர் தந்த அடிப்படை மருந்தைத் தவறாமல் எடுப்பதும், புகைபிடிப்பவரானால் அதை விடுவதும்தான். நல்ல உணவு அதற்குத் துணை. நோயின் கடுமையால் பசி குறைந்து உணவே சுருங்கிவிட்டவர், தனியாக வாழும் முதியவர், பழமும் காயும் உண்ண முடியாத வேறு உடல்நிலை உள்ளவர் ஆகியோருக்கு வைட்டமின் சி உண்மையிலேயே குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவர்களுக்கு 100 முதல் 200 மில்லிகிராம் மாத்திரை கொடுப்பது நியாயமானது. அது குறையை நிரப்புவது, அவ்வளவே. அழற்சியை அடக்கும் மருந்தாக அதை எண்ணக் கூடாது.

கவுட் உள்ளவர் வைட்டமின் சி எடுக்க விரும்பினால், சிறுநீரகக் கல்லும் இரும்புத் தேக்கமும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, நாளுக்கு 500 மில்லிகிராமோடு நிறுத்திக்கொள்ளலாம்; யூரிக் அமிலத்தைக் குறைக்கும் மருந்தை அதற்காக ஒரு நாளும் விடக் கூடாது. தொடங்கும் நாளின் யூரிக் அமில அளவைக் குறித்துவைத்து, இரண்டு மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் அளவு 6-க்கு மேலேயே நின்றால், மருத்துவரிடம் பேசிக் கூட்ட வேண்டியது அலோபியூரினாலின் அளவை, வைட்டமினின் அளவை அல்ல.